பதினோராம் வீட்டுப் பச்சை வாளி

கோயில் கணக்கு இல்லைங்க. குப்பைக் கணக்கு. இருபது வீட்டுக் குப்பையை அறுபது நாள் எடை போட்டு எழுதிய நோட்டு இது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். முதல் நாள் நானும் சிரித்தவன்தான்.

பிளேடா? அதையும் சொல்கிறேன். மடியில் நோட்டும் கையில் பிளேடுமாக ஒரு கிழவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கத் தோன்றத்தான் செய்யும். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் நான் வெளியாட்களிடம் பேசுகிறவன் இல்லை. இந்த வருஷம் முன்பின் தெரியாத ஆளிடம் நான் வாய் திறப்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை தாலுகா ஆபீசில், செத்துப்போன என் சம்சாரத்தின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுப்பதற்கு. இரண்டாவது, பல் பிடுங்கிய டாக்டரிடம். மூன்றாவது நீங்கள். பம்புசெட் சாமான் வாங்கக் கோயமுத்தூர் போகிறேன் என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. இருந்தாலும் ஒருவர் சொன்ன பிறகு நாமும் சொல்ல வேண்டும் இல்லையா.

என் பெயர் நாச்சிமுத்து. ஈரோடு மஞ்சள் மண்டியில் முப்பத்தொரு வருஷம் எடை போட்டவன். படிப்பு எட்டாவது. மண்டியில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் எதிலும் ஒத்துப்போகாது. நிறத்துக்குச் சண்டை, ஈரத்துக்குச் சண்டை. எடைக்கு மட்டும் சண்டை கிடையாது. "நாச்சிமுத்து போட்டதா?" என்பார்கள். ஆமாம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் மறுஎடை கேட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது தடவையும் என் எடைதான் நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது அது.

இப்போது என் மருமகளுக்கு வருகிறேன். மைதிலி. வயது முப்பத்தாறு. மகன் தனசேகர் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோதித்து, எழுதிவைக்கிற வேலை. அதற்கு மேலே பொறுப்பாளர் நாற்காலி ஒன்று காலியாகிறது. அதில் உட்கார வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். "இந்த மாசக் கடைசிக்குள்ள பாஸ் ஆன சீட்டைக் காட்டும்மா, நாற்காலி உனக்கு. இல்லாட்டி நான் வெளியில இருந்து ஆள் போட்டுக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். எட்டு வருஷம் அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்தவள் அவள். வெளியில் இருந்து வருகிறவன் வந்து முகர்வானா? மாட்டான். ஆனால் சீட்டு வைத்திருப்பான்.

அந்தச் சீட்டுக்காகத்தான் தபால் வழிப் படிப்பு. சுற்றுச்சூழல் மேலாண்மை. ஒன்றரை வருஷம். பெயரைக் கேட்டதும் நான் சொன்னேன், "எங்க தெருக் குழாயடியை மேலாண்மை பண்ண ஆளைக் காணோம், இவங்க சூழலையே பண்றாங்களாமா?" மனசுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒன்பது புத்தகம் வந்தது. ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டு பக்கம். முதல் புத்தகத்தின் முதல் வரி: "நம்மைச் சுற்றியுள்ள அனைத்தும் சுற்றுச்சூழல் எனப்படும்." இதைத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம், அதற்கு ஒரு அட்டை, அட்டையில் ஒரு மான். நான்காவது புத்தகத்தில் எண்பதாம் பக்கத்துக்கு அடுத்தது தொண்ணூற்றேழு. பதினாறு பக்கம் காணவில்லை. எழுதிக் கேட்கச் சொன்னேன். "அதுல இருந்து கேள்வி வராதுங்க மாமா" என்றாள். படிப்பு எப்படி நடக்கிறது பார்த்துக்கொள்ளுங்கள். நூறு மூட்டையில் ஒரு மூட்டை காணோம் என்றால் மண்டியைப் பூட்டித் தேடுவோம். இவர்களுக்குப் பதினாறு பக்கம் இல்லாதது ஒரு சௌகரியம்.

அப்புறம் ஒப்படைப்பு என்று ஒன்று. வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற கட்டுரை. மொத்தம் பத்து. ஒவ்வொன்றும் பதினைந்து தாள். தாளில் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும், பின்பக்கம் வெறுமையாக விட வேண்டும். அதில் ஒரு கேள்வி என்ன தெரியுமா? "காகிதப் பயன்பாட்டைக் குறைப்பதன் அவசியத்தை விளக்குக." அதையும் ஒரு பக்கம் மட்டும் எழுதிப் பதினைந்து தாள் அனுப்பினாள். தாளை மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல், துணைக்கு நான் போனேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாற்பத்திரண்டு பேர். வாத்தியார் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, பிளாஸ்டிக் கேடு என்று இரண்டு மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு தடவை டீ. வாத்தியாரையும் என்னையும் சேர்த்து எண்பத்தெட்டுக் கப். எல்லாம் உள்பக்கம் மெழுகு மாதிரி பூசின காகிதக் கப். வகுப்பு முடிந்ததும் வராந்தா மூலையில் எண்ணினேன், எண்பத்தைந்து கிடந்தது. மூன்று கப் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த டீயிலும் சர்க்கரை கிடையாது.

இந்த நாட்டில் சமைக்கிறவர்களுக்கே கை போய்விட்டதுங்க. என் சம்சாரம் ரங்கநாயகி செத்து இரண்டு வருஷம் நான்கு மாதம். அவளோடு எல்லாம் போயிற்று. டீக்கடையில் சர்க்கரை இல்லை. மாரியம்மன் கோயில் பொங்கலில் உப்பு இல்லை. கல்யாண வீட்டு ரசத்தில் ஒன்றுமே இல்லை, வெந்நீர். பல் டாக்டர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மூன்று கரண்டி போட்டேன், கரிக்கவே இல்லை. உப்பே இப்போது சரியாக வருவதில்லை. அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயம். யார் கேட்கிறார்கள்?

விஜயமங்கலம் தாண்டிவிட்டதா? சரி. நேரம் இருக்கிறது.

கடைசியாகத்தான் இந்தக் குப்பை. ஆய்வுத் திட்டம் என்று ஒன்று செய்தால்தான் சீட்டு. ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு எவ்வளவு குப்பை சேர்கிறது, அதில் மக்குவது எவ்வளவு, மக்காதது எவ்வளவு என்று அறுபது நாள் எடை போட வேண்டும். இதற்கு வழிகாட்டி என்று ஒரு பேராசிரியர். போனில் அவர் சொன்னது எனக்கே கேட்டது. "நாலு நாள் எடை போடும்மா, மிச்சத்தை அதை வெச்சு நிரப்பிக்கோ. எல்லாரும் அப்படித்தான்." வழிகாட்டி! வழி காட்டிவிட்டார்.

மைதிலி போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஏழரைக்குப் பட்டறை பஸ் பிடிக்கிறவள். குப்பை வண்டி வருவது ஏழு மணிக்கு. அவள் சமைப்பாளா, வீடு வீடாக வாளி தூக்குவாளா? அப்போது நான் சொன்னேன், "எடை நான் போடறேன்." அவ்வளவுதான் சொன்னேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். குப்பைக்காக என் காலைத் தொட்ட முதல் ஆள்.

என் கைத்தராசை எடுத்துத் துடைத்தேன். முத்திரை போட்ட படிக்கல், பத்து கிராம் வரைக்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் இருபது வீடு. வீட்டுக்கு இரண்டு வாளி. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். காலை ஆறே காலுக்கு ஆரம்பித்தால் ஏழுக்குள் முடித்தாக வேண்டும். நான்காம் வீட்டுக்காரர்கள் மூன்று நாள் பழனிக்குப் போனார்கள். அந்த ஆறு வாளியைத் தவிர, இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு எடை. ஒன்று விடவில்லை. மழை பெய்த இரண்டு நாளும் குடை பிடித்துக்கொண்டு போட்டேன்.

ஜனங்களைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. குப்பையை எடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஏழாம் வீட்டு அம்மாள் குப்பையைக் கழுவி வைக்க ஆரம்பித்தார். கழுவினால் எடை கூடும் என்பதுகூடத் தெரியவில்லை. பதினைந்தாம் வீட்டுக்காரர் காலி பாட்டிலைப் பதினாறாம் வீட்டு வாளியில் போட்டார். ஆறாம் வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் காலையில் கைவீசி நடப்பார்கள், எண்ணெய் தொடமாட்டோம் என்பார்கள். தினமும் அவர்கள் வாளியில் பரோட்டா கட்டின இலை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எடை போடுகிறவன் சரக்கைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். தன் வாளியில் இருப்பதை ஒத்துக்கொள்ள இந்தத் தெருவில் ஒருத்தருக்குத் தைரியம் இல்லையே என்று.

எங்கள் வீடு பதினோராம் எண்.

அதில்தான் ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான். மைதிலி காலை நாலரைக்கு எழுந்து சமைப்பாள். அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கிளறிக்கொண்டே படிப்பாள். படிக்கிறவள் கை உப்பு டப்பாவுக்கு எப்படிப் போகும்? எனக்கு மத்தியானத்துக்கு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவாள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கின சோறு, இல்லாவிட்டால் கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு பொரியல். ஒரு வாய் வைப்பேன். உப்பு இருக்காது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தினமுமே இருக்காது. சொல்லலாமே என்பீர்கள். என்ன சொல்வது? ரங்கநாயகியிடம் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. தட்டைப் பார்ப்பேன். அவளுக்குப் புரிந்துவிடும், உப்பு டப்பா வந்துவிடும். இவள்தான் பட்டறைக்குப் போய்விடுகிறாளே, நான் யாரைப் பார்த்துத் தட்டைப் பார்ப்பது? அதுவும் வேலைக்கும் போய்ப் படிக்கவும் செய்கிற பொண்ணை உப்புக்காகச் சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை. சத்தமில்லாமல் பச்சை வாளியில் கொட்டிவிட்டு, இரண்டு பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொள்வேன். அவள் மனசு நோகக் கூடாது பாருங்கள்.

அவளும் அதே சாப்பாட்டைத்தான் பட்டறைக்குக் கொண்டுபோகிறாள். அங்கே நாலு பேர் பிடுங்கிச் சாப்பிடுகிறார்களாம். பாவம், சாயத்தில் நிற்கிறவர்கள், நாக்கு என்ன கண்டது.

அறுபது நாளில் எட்டு ஞாயிறு, அன்றைக்குக் கறி எடுப்போம், காரத்தில் உப்பு தெரியாது. ஐந்து நாள் கல்யாணம் காட்சி. மிச்சம் நாற்பத்தேழு நாள் கொட்டினேன். மொத்தம் பதினான்கு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பதினொன்று, பச்சை, எழுநூற்று இருபது. பக்கத்தில் சோறு, முந்நூற்றுப் பத்து. கழித்தது போக நானூற்றுப் பத்து. ஒவ்வொரு நாளும் இப்படி மூன்று எண். மைதிலிக்கு எழுதிக் கொடுத்த நல்ல பிரதியில் கடைசி எண்ணை மட்டும் கொடுத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். இது திருட்டு இல்லை. மண்டியில் மூட்டையை எடை போட்டால் சாக்கு எடையைக் கழிக்கிறோமா இல்லையா? சாக்கு மஞ்சள் ஆகுமா? அதே மாதிரி இந்தச் சோறு வீட்டுக் குப்பை ஆகாது. இது என் சொந்த விஷயம். சாக்கைக் கழிப்பது போலக் கழித்தேன். அந்தப் பேராசிரியர் சொன்னது போல மேஜையில் உட்கார்ந்தா நிரப்பினேன்? ஒவ்வொரு கிராமையும் எடை போட்டுத்தான் கழித்திருக்கிறேன். அது வேறு, இது வேறு.

ஆனால் இன்றைக்கு என்ன ஆயிற்று, கேளுங்கள். இன்றுதான் அவளுக்குக் கோயமுத்தூரில் நேர்முகத் தேர்வு. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பத்து ஐம்பதுக்குப் போன் வந்தது. குரலே சரியில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவள் எழுதிக் கட்டின ஆய்வுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டாயிரத்து நானூறுல ஆறுதான் விட்டுப்போச்சாம்மா? யாரும்மா இப்படி எடை போடுவா? இது உட்கார்ந்து எழுதின கணக்கு" என்று சொல்லிவிட்டாராம். எழுபது பேர் உட்கார்ந்து எழுதின கணக்கை வைத்துக்கொண்டு பாஸாகிப் போகிறார்கள். ஒருத்திதான் நின்று எடை போட்ட கணக்கைக் கொண்டுபோனாள், அவளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மணிக்குள் மூல நோட்டைக் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வா என்றாராம். அடுத்த வருஷம் நாற்காலியில் யார் இருப்பார்கள்?

"மாமா, உங்க நோட்டைக் கொண்டாந்து குடுத்தறீங்களா?" என்றாள். வர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புரிகிறதா? புத்தகத்தில் இருப்பது கழித்த எண். நோட்டில் இருப்பது மூன்று எண். மற்ற பத்தொன்பது வீடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். எங்கள் வீடு மட்டும் நாற்பத்தேழு நாள் ஒத்துப்போகாது. தன் வீட்டுக் கணக்கை மட்டும் குறைத்து எழுதியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அவளைப் பெயிலாக்கி அனுப்புவார்கள். அதுவும் போக, சோறு, சோறு, சோறு என்று நாற்பத்தேழு இடத்தில் என் கையெழுத்து. அதை அவள் படிப்பாள்.

அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் பிளேடு வாங்கினேன். பால்பாயிண்ட் பேனா, அழியாது, சுரண்டத்தான் வேண்டும். முதல் இரண்டு எண்ணையும் சுரண்டிவிட்டால் கடைசி எண் மட்டும் நிற்கும், புத்தகத்தோடு ஒத்துப்போகும். நாற்பத்தேழு இடம், இடத்துக்கு இரண்டு எண், எண்ணுக்கு ஒரு நிமிஷம். தொண்ணூற்று நான்கு நிமிஷம். பஸ் இரண்டே கால் மணி நேரம் போகும். கணக்குச் சரியாக வந்தது. பெருந்துறை தாண்டி முதல் சுரண்டல் போட்டேன். இதோ, மூன்றாம் நாள். பஸ் பள்ளத்தில் இறங்கியது, தாள் ஓட்டையாகிவிட்டது. அந்தப் பக்கம் தெரிகிறது பாருங்கள். அப்போதுதான் நீங்கள் கோயில் கணக்கா என்று கேட்டீர்கள். இன்னும் நாற்பத்தாறு இருக்கிறது. நாற்பத்தாறு ஓட்டை போட்ட நோட்டை யார் நம்புவார்கள்? சுரண்டவில்லை என்றாலும் வம்பு. உங்களோடு பேசினதில் பாதி வழி வந்தாயிற்று.

டப்பாவா? ஆமாம், இன்றைய சாப்பாடு. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போகிறவள், தேர்வு நாளில்கூடப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அரிசியும் பருப்பும். நான் சொன்னதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்திலேயே தெரிகிறது. இந்தாருங்கள், பிடியுங்கள், ஒரு வாய் போட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். உப்பு இருக்கிறதா?

சரியாக இருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இன்னொரு வாய் போடுங்கள்.

அதுசரி. நீங்கள் வெளியூர் சுற்றுகிறவர், கடைச் சாப்பாட்டில் நாக்கு மரத்திருக்கும். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

"சொல்லு அம்மிணி… கருமத்தம்பட்டி தாண்டியாச்சு… நோட்டு மடியிலதான் இருக்குது… என்ன?… எதுக்கு?… நீ போட்டியா? எப்பப் போட்டே?… நாலரைக்கா?… அறுபது நாளுமா?… சரி, மொத்தம் என்ன வந்துச்சு?… அட அழுவாத, மொத்தத்தைச் சொல்லு… கிராமையும் சேத்திச் சொல்லு… ம்… ஒண்ணு போச்சு அம்மிணி. மூணாம் நாளு. பிளேடு பட்டு ஓட்டையாயிருச்சு… நானா? அவருகிட்டயா? நான் எப்படிப் பேசறது?… சரி. சரி. வையி."

கேட்டீர்களா? கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

அந்த ஏழாவது புத்தகத்தில் இருக்கிறதாம். இருபது வீட்டை ஒருவர் எடை போட்டால், அதில் ஒரு வீட்டை இன்னொருவர் அவருக்குத் தெரியாமல் மறுஎடை போட வேண்டுமாம். இவள் எந்த வீட்டை எடுத்தாள்? பதினோராம் வீடு. நாலரை மணிக்கு, நான் எழுவதற்கு முன்னால், சமையல்கட்டில், கைக்கு அடக்கமான ஒரு மின்னணுத் தராசில். காய்த்தோலை நான் எடை போட்டு முடிக்கிற வரைக்கும் தனிச் சட்டியில் ஒதுக்கி வைத்திருப்பாள். சுத்தத்துக்கு என்று நினைத்தேன். மறுஎடை! முப்பத்தொரு வருஷத்தில் ஒன்பது பேர் கேட்டார்கள். பத்தாவது ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள், கேட்காமலேயே போட்டிருக்கிறாள்.

என் நல்ல பிரதியில் பதினோராம் வீட்டுப் பச்சை வாளிக்குக் கொடுத்திருந்தது இருபத்தாறு கிலோ எழுநூற்று நாற்பது. அதை அவள் புத்தகத்தில் போடவே இல்லை. தான் போட்ட எடையைத்தான் போட்டிருக்கிறாள். "பதினொண்ணாம் வீட்டுக்கு உள்ளதைத்தான் எழுதியிருக்கறேன் மாமா, உங்க நோட்டுலயும் உள்ளதுதான் இருக்கும், எனக்குத் தெரியும், அதுல கைவெச்சறாதீங்க" என்கிறாள். எப்படித் தெரியும்? நோட்டை நான் அவளிடம் காட்டினதே இல்லை. "நீங்க எடையைக் குறைச்சு எழுதிக் குடுப்பீங்க, குறைச்சுப் போட மாட்டீங்க" என்கிறாள். இது என்ன பேச்சு? பாராட்டா, திட்டா?

நான் மட்டும் அந்தப் பிளேடை ஒழுங்காகப் போட்டிருந்தேன் என்றால், நாற்பத்தேழு இடமும் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் போயிருக்கும். பள்ளம் வந்தது நல்லதாயிற்று. இந்த நெடுஞ்சாலைக்காரர்கள் செய்த ஒரே நல்ல காரியம்.

சோற்றைக் கொட்டுவதும் முதல் வாரத்திலேயே தெரியுமாம். "நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்கிறாள். நான் சொல்ல வேண்டுமாம்! இவள் கேட்கக் கூடாதா? தெரிந்துகொண்டே தினமும் நாலரைக்கு எழுந்து, நேற்று கொட்டினதை எடை போட்டு எழுதி வைத்துவிட்டு, இன்றைக்குக் கொட்டுவதற்குச் சமைத்திருக்கிறாள். நாற்பத்தேழு நாள். என்ன பிடிவாதம் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இப்படி இருப்பார்களா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அதிலும் ஒன்று சொல்கிறேன். என் மொத்தம் நாற்பத்தொரு கிலோ முந்நூற்று எண்பது. அவள் மொத்தம் நாற்பத்தொரு கிலோ முந்நூற்று இருபது. அறுபது கிராம் குறைகிறது. மின்னணுத் தராசு என்றால் அவ்வளவுதான். அறுபது நாளுக்கு அறுபது கிராம், நாளுக்கு ஒரு கிராம். தள்ளி வைத்த தோலில் ஒன்றிரண்டு வாளிக்குள் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் அவள் தராசு. என் தராசு இல்லை.

ஓட்டையை அப்படியே விடச் சொன்னாள். தேர்வாளர் கேட்டால் நானே சொல்ல வேண்டுமாம். "நான் சொன்னா நம்ப மாட்டாருங்க மாமா, எடை போட்டது நீங்கதானே, நீங்க சொல்லுங்க." உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம், ஐயா, அந்த ஓட்டை விழுந்த இடத்தில் இருந்தது அறுநூற்றுத் தொண்ணூறு, சோறு முந்நூறு, அந்தச் சோற்றைக் கொட்டினது நான், அதைக் கழித்தது நான், பிளேடு வைத்ததும் நான் என்று சொல்ல வேண்டும். இந்த வருஷத்தில் நான்காவது வெளியாள். ஒரு வருஷத்துக்கு இது அதிகம்.

சொல்லத்தான் போகிறேன். இல்லாவிட்டால் அந்த மனிதர் உட்கார்ந்து எழுதின கணக்கு என்றே சொல்லிக்கொண்டு இருப்பார். என்னைப் பார்த்து! ஒரு வாளியைத் தூக்கியிருப்பாரா அவர்? மழையில் குடை பிடித்துப் படிக்கல் வைத்திருப்பாரா? கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். கேட்காமல் இருந்தாலும் நினைத்துக்கொள்வேன்.

இது ஹோப் காலேஜா? பீளமேடு வந்தாயிற்றே. மணி ஒன்று ஐம்பத்தைந்து. காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் இரண்டரைக்கு உள்ளே இருக்கலாம். இந்தப் பிளேடை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கவனம், காகிதம் சுற்றி வையுங்கள். அந்த டப்பாவை இப்படிக் கொடுங்கள்.

என்னங்க இது?

ஒரு வாய் போட்டுப் பாருங்கள் என்றால் முழுக்கவா? நான் பேசப் பேச நீங்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தீர்களா? சரி, சரி, கோபம் இல்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். கொட்டத்தானே போகிறது. ஆனால் உப்பில்லாத சோற்றை இப்படிச் சாப்பிடுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சாயப்பட்டறை ஆட்களோடு உங்களைச் சேர்க்க வேண்டும்.

இருங்கள். அடியில் ஒரு பிடி இருக்கிறது. அதை விடுங்கள், நான் சாப்பிடுகிறேன்.

இல்லை. உப்பு இல்லை. இருந்தாலும் சாப்பிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் அவள் முதலில் நோட்டைக் கேட்க மாட்டாள். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றுதான் கேட்பாள். தினமும் போனில் கேட்கிறதுதான். நான் "ம்" என்பேன், அந்த "ம்" பன்னுக்கும் டீக்கும் சேர்ந்தது. இன்றைக்கு வாயைத் திறந்து சாப்பிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு என்று அவள் கேட்க மாட்டாள். கேட்டாலும் எனக்கென்ன? நாற்பது கிராம். கையில் எடுத்தபோதே பார்த்துவிட்டேன்.